அக்கா தனியாகப் போன இரண்டு கிழமை

எங்கள் ஊரில் படலை தாண்டி வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். வேண்டுமானால் "தூரமோ?" என்று கேட்கலாம். அவரும் "ஓம், கொஞ்சம் தூரம்" என்பார், இல்லாவிட்டால் "உதிலைதான்" என்று பக்கத்தில் எங்கோ கையைக் காட்டிவிட்டுப் போவார். இதை மரியாதை என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஊரில் பிறந்த அரைவாசிச் சந்தேகத்துக்கு இந்த மரியாதைதான் தாய் தகப்பன். நேரே கேட்டால் ஒரு சொல்லில் தீரக்கூடியதைக் கேட்காமல் விட்டுவிட்டு, போனவரின் சைக்கிள் எந்த ஒழுங்கையில் திரும்பியது, கட்டியிருந்தது கோயில் சேலையா ஆசுபத்திரிச் சேலையா, கையில் பை இருந்ததா என்று பார்த்துப் பார்த்து நாங்களே ஒரு கதை கட்ட வேண்டியிருந்தது. அப்படிக் கட்டுவதில் நான் கெட்டிக்காரி.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. பால் கொண்டுவருகிறவர் ஒருநாள் தண்ணீர் கலக்காத பாலைத் தந்தால், இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிற ஆள். அந்தக் காலத்தில் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் சந்தேகப்படாத ஒருவர் இருந்திருந்தால் அவரைத்தான் எல்லோரும் சந்தேகித்திருப்பார்கள்.

அப்போது நல்லூரில் எங்கள் வீட்டில் இரண்டே பேர்தான். அம்மாவும் ஐயாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. அக்காவுக்கு நாற்பத்தொன்று. பன்னிரண்டு வயது வித்தியாசம் என்பதால் எனக்குத் தலை இழுத்துப் பின்னியதும் அவர், எழுத்துச் சொல்லித் தந்ததும் அவர், அடி போட்டதும் அவர். அவருக்குக் கல்யாணம் சரிவரவில்லை. ஏன் சரிவரவில்லை என்பது ஒரு பெரிய கதை, அது இங்கே வேண்டாம்.

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வேலை தானாக வந்து சேரும். அவள்தான் எல்லோருக்கும் துணை. அக்கா அந்த ஒழுங்கை முழுவதற்கும் துணை. பிள்ளை பெறப் போகிறவளோடு ஆசுபத்திரிக்கு அக்கா. ரியூசனுக்குப் போகிற குமர்ப்பிள்ளைகளோடு அக்கா. புருசன் கொழும்புக்குப் போன வீட்டில் இரவு துணைக்குப் படுக்க அக்கா. பெண் பார்க்கப் போகும்போது மூன்று பேராகிவிட்டால் நாலாவதாக அக்கா. அறுபது வயதுப் பெண்கூட பல் பிடுங்கத் தனியாகப் போகமாட்டார், "பிள்ளை, ஒருக்கா வாருமன்" என்று படலையில் வந்து நிற்பார். அக்காவும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளிக்கிடுவார். போகிற இடமெல்லாம் மற்றவர்களின் இடம். நாற்பத்தொரு வயது வரை அக்கா தன்னுடைய அலுவலுக்கு என்று ஓர் இடத்துக்குப் போனதை நான் கண்டதில்லை. இதை அப்போது நான் யோசித்துப் பார்த்தவள் இல்லை, இப்போதுதான் எழுத வருகிறது.

குடாநாட்டை விட்டு வெளியே போக அந்த நாளில் பாஸ் வேண்டும். அப்போது எங்களை வைத்திருந்த இயக்கம் கொடுக்கிற பாஸ். அதற்கு ஒரு கந்தோர். அங்கே போய் எங்கே, ஏன், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் போதாது, பிணை வேண்டும். குடும்பத்தில் ஒருவர், நான் இங்கேதான் இருக்கிறேன், போகிறவர் திரும்பி வருவார் என்று கையெழுத்து வைக்க வேண்டும். போனவர் வராவிட்டால் கையெழுத்து வைத்தவருக்குப் பாஸ் என்பது சீவியத்தில் இல்லை. கூப்பிடுகிற நேரமெல்லாம் போய்ப் பதில் சொல்லவும் வேண்டும். ஆகையால் குடும்பமாகப் போவது என்ற பேச்சே கிடையாது. ஒருவர் போனால் ஒருவர் நிற்க வேண்டும். ஊரில் யார் யாரை நம்புகிறார்கள் என்று அறிய விரும்புகிறவர் அந்தக் கந்தோர் வாசலில் அரை நாள் நின்றால் போதும்.

எனக்கு அப்போது கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்தது. படம் வந்துவிட்டது, சாதகம் பொருந்திவிட்டது, விசாக் கடதாசி வரத்தான் சுணக்கம். கடதாசி வந்ததும் நான் கொழும்புக்குப் போக வேண்டும். அதற்கு எனக்குப் பாஸ் வேண்டும். என் சீவியம் முழுவதும் அந்த ஒரு துண்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கா சொன்னார்.

"நான் ஒருக்காக் கொழும்புக்குப் போட்டு வரப் போறன். ரெண்டு கிழமை, பதினாலு நாள். கண் காட்ட வேணும். நீதான் பிணை நிக்க வேணும்."

நான் ஆரோடை என்று கேட்டேன். தனியத்தான் என்றார்.

கண் என்றதும் எனக்குள் ஒரு மணி அடித்தது. முதல்நாள் பின்னேரம், பொழுது படுகிற நேரம், என் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோர்த்துத் தந்தவர் அக்கா. நான் நாலு தரம் பிழைவிட்ட ஊசி அது. அவர் ஒரே தரத்தில் கோர்த்தார். அந்தக் கண்ணுக்கு என்ன வந்தது? ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை வளர்த்த ஆளுக்கு ஒரு கையெழுத்து வைக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வயிற்றெரிச்சலோடு போய்க் கையெழுத்தை வைத்தேன்.

பிறகு பக்கத்து வீட்டு மாமியின் விசயம் வந்தது. மாமி எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் சொந்தத்தைவிட மேலாக எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கிடக்கிறது என்று தெரிந்தவர். அவரும் அதே கிழமை கொழும்பில் மகனிடம் போக இருந்தார். கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல் கடந்து, உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கி, வவுனியாவில் ஆமிச் சோதனைச்சாவடியின் முன்னால் நின்று போகிற பயணம். கடலில் துவக்குச் சூடு விழுகிற காலம். அப்படிப் போகிறவர் துணை கிடைத்தால் கும்பிட்டு ஏற்றுக்கொள்வார். மாமி வந்து, பிள்ளை உமக்கும் பாஸ் வந்திட்டுதோ, சேர்ந்து போவம் என்று கேட்டார். அக்கா, எனக்கு இன்னும் வரேல்லை மாமி என்றார்.

பாஸ் அலுமாரி லாச்சிக்குள் கிடந்தது. நான் காலையில்தான் கண்டேன். அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. கண்ணைக்கூட வெட்டவில்லை. மாமி செவ்வாய்க்கிழமை வேறொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அக்கா வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டார்.

துணை கிடைக்காமல் தனியப் போகிறவளுக்காக இரங்கலாம். துணை படலைக்கு வந்து கூப்பிட, அதற்குப் பொய் சொல்லி அனுப்பிவிட்டுத் தனியப் போகிறவளை என்ன நினைப்பது? ஒளிக்க ஏதோ இருக்கிறது. அப்படித்தான் நான் நினைத்தேன். எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

என்ன ஒளிப்பு என்பதற்கும் என்னிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது. எண்பத்து மூன்றில் கொழும்பில் அடித்துக் கலைத்தபோது கப்பலில் வந்த குடும்பம் ஒன்று எங்கள் பின்வளவு வீட்டில் ஒரு வருசம் இருந்தது. அதில் ஒருவர், கணக்கப்பிள்ளையாக இருந்தவர், மனைவியை இழந்தவர். அவர்களுடைய கிணறு உவர் என்று எங்கள் கிணற்றில் வந்து தண்ணீர் அள்ளுவார். அவர் வருகிற நேரத்தில் அக்கா துலாவடியில் எதையாவது கழுவிக்கொண்டிருப்பார். இருவரும் கதைத்து நான் கண்டதில்லை. கதைக்காமல் இருந்ததுதான் எனக்குச் சந்தேகம். பிறகு அவர் கொழும்புக்கே திரும்பிப் போய்விட்டார். பத்து வருசம் கழிந்த ஒரு விசயத்தை நான் மண்ணைக் கிண்டி வெளியே எடுத்துக் கழுவித் துடைத்து நிமிர்த்தி வைத்தேன். அது நன்றாகத்தான் நின்றது.

வெளிக்கிட்ட அன்று காலை கொடிகாமம் மட்டும் நானும் வருகிறேன் என்றேன். கொடிகாமத்தில் சித்தப்பா வீடு இருக்கிறது, ஏற்றிவிட்டு அங்கே போய்விட்டு வருவேன் என்று காரணமும் வைத்திருந்தேன். உண்மையில் யாராவது வழியில் சேர்ந்துகொள்கிறார்களா என்று பார்க்கத்தான். அக்கா வேண்டாம், படலையோடை நில் என்றார். ஒரு தோள்பையோடு ஒழுங்கையால் நடந்தார். வேலிக்கு மேலால் ஒவ்வொரு தலையாக எழும்பித் தூரமோ, தூரமோ என்று கேட்டது. அக்கா "ஓம், கனதூரம்" என்று சொல்லிக்கொண்டு போனார். அந்தக் குரலில் ஒரு குதூகலம் இருந்தது. அம்மா செத்த பிறகு வீட்டில் அந்தக் குரல் கேட்டதில்லை. சந்தோசமாகப் போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ஒழுங்கை முடிகிற சந்தி திரும்பும்போது திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை, நான் அலுமாரியைத் திறந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒவ்வொரு சேலையாக உதறிப் பார்த்தேன். நல்ல சேலை இரண்டும் கிடந்தன. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் கடதாசிகள் கட்டி வைத்திருந்த துவாய் மெலிந்திருந்தது. அவிழ்த்தேன். வீட்டு உறுதி இருந்தது, அம்மாவின் மரண அத்தாட்சி இருந்தது, என்னுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்தது. அக்காவுடையது இல்லை.

கண் காட்டப் போகிறவளுக்குப் பிறந்த கடதாசி எதற்கு? கல்யாணம் எழுதத்தான் அது வேண்டும். இல்லாவிட்டால் வெளிநாடு போக. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் முடிந்தேன். அன்று நான் சமைக்கவில்லை. அடுத்த நாளும் பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டு இருந்தேன்.

நாட்கள் நகராமல் நின்றன. படலையில் வந்து, கொக்கா எங்கை பிள்ளை என்று அக்காவைத் தேடிக் கேட்டவர்களுக்குக் கண் காட்டப் போய்விட்டா என்று சொன்னேன். ஓ என்றார்கள். அந்த ஓவில் ஒரு நீட்டு இருந்தது. மகளை ரியூசனுக்கு விட ஆளில்லாத ஒருத்தி, அவவுக்கு இப்ப திடீரெண்டு என்ன கண், என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ஒழுங்கை முழுவதும் அக்கா இல்லாமல் இடறிக்கொண்டிருந்தது. ஆனால் ஒருவரும் அவர் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாரா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. தபால் ஒழுங்காக இல்லாத காலம், கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் கொடுத்து விட்டிருந்தார்கள். வெள்ளவத்தையில் இருக்கிற சித்தியின் மகள் எழுதியது. அக்கா அங்கேதான் தங்குவதாகச் சொல்லிப் போனவர். கடிதத்தில் இரண்டு பக்கம் விலைவாசி. கடைசியில், அக்கா நாலு நாள் நின்று விட்டு வெளிக்கிட்டா, சுகமாக வந்து சேர்ந்திருப்பா என்று நினைக்கிறோம் என்று ஒரு வரி.

வந்து சேரவில்லை. நான் விரலை மடக்கி எண்ணினேன். கொழும்பிலிருந்து எப்படிப் பார்த்தாலும் மூன்று நாளுக்கு மேல் எடுக்காது. அவர் வெளிக்கிட்டு நாலு நாளாவது ஆகிவிட்டது.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடத்தான் இவ்வளவு வருசம் எழுதாமல் இருந்தேன். அந்தக் கடிதத்தை வாசித்து முடித்தபோது, அக்காவை ஆமி பிடித்திருக்கலாம், கடலில் வள்ளம் கவிழ்ந்திருக்கலாம், எங்காவது காய்ச்சலில் கிடக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொழும்பில் அந்த மாதம் சந்திக்குச் சந்தி தமிழரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். போய்விட்டாள், என்னுடைய பாஸும் போய்விட்டது.

பதினோராம் நாள் காலையில் முழுகி, வெள்ளைச் சேலை கட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன். வரிசைக்குப் போட்டிருந்த வாங்கில் இருந்தேன். என் முறை வந்ததும் உள்ளே போனேன். மேசையில் இருந்தவர் நல்ல அமைதியான மனுசன், முத்து முத்தாக எழுதுவார். நான் வைத்த பிணையைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார். அப்படியானால் நான் முன்கூட்டியே வந்து சொன்னேன் என்று எழுதி வையுங்கள், பிறகு என்னைக் குற்றம் சொல்லக் கூடாது என்றேன். அவர் பேனையை எடுத்தார்.

"உங்கடை அக்கா திரும்பி வரமாட்டா எண்டு நினைக்கிறியளோ?"

"ஓம். வரமாட்டா."

"என்ன காரணத்தாலை அப்பிடி நினைக்கிறியள்?"

பிறந்த கடதாசி, மாமிக்குச் சொன்ன பொய், கண், எல்லாம் சொன்னேன். கணக்கப்பிள்ளையை மட்டும் சொல்லவில்லை, அவ்வளவு மானம் எஞ்சியிருந்தது. எல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவர் போதாது என்பது போலப் பார்த்தார். துணைக்கு ஆள் இருக்கத் தனியப் போனவ, வேறை என்ன வேணும் என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். நான் கீழே கையெழுத்து வைத்தேன்.

வெளியே வந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. அன்று நான் சோறு சமைத்துக் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துச் சாப்பிட்டேன். அதுவும் நினைவிருக்கிறது.

பதினாலாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு அக்கா வந்தார்.

தலை முழுவதும் செம்மண். காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் கறுத்து, மற்றப் பக்கம் பழையபடி இருந்தது. கிணற்றடியில் அள்ளிக் குளித்துவிட்டு வந்து பையைத் திறந்தார். மேலாக அந்தப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். என்ரை அடையாள அட்டையிலை எழுத்து அழிஞ்சு போச்சு, ஆமிக்காரன் கேட்டால் காட்ட ஏதாவது வேணும் எண்டு கொண்டு போனனான் என்று, நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு அதைத் துவாய்க்குள் வைத்துக் கட்டினார். பிறகு சேலைக்குள் சுருட்டி ஒளித்துக் கொண்டுவந்த ஒரு கட்டி வாசச் சவுக்காரத்தை எடுத்து என்னிடம் தந்தார். சவுக்காரம் யாழ்ப்பாணத்துக்குள் வர விடாத காலம் அது. கல்யாணத்துக்கு வைச்சுக்கொள் என்றார். நான் வாங்கினேன். கந்தோருக்குப் போன கதையைச் சொல்ல எனக்கு அப்போது ஒரு முழுப் பின்னேரம் இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை பாஸைத் திருப்பிக் கொடுக்க அக்கா கந்தோருக்குப் போனார். வழமையில் அது பத்து நிமிச வேலை. பொழுது சாய்ந்துதான் வந்தார். நேரே குசினிக்குள் போய் அடுப்பு மூட்டினார். நான் வாசல் நிலையில் நின்றேன். தண்ணீர் கொதித்ததும் தேயிலையைப் போட்டார்.

"நீ அங்கை போனனியாம்."

பயத்தில் போனேன் என்றேன்.

"என்ன பயம்? அந்தாள் உன்ரை கடதாசியை எனக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினது. நான் கடலிலை தாண்டு போனனோ, ஆமியிட்டைப் பிடிபட்டனோ எண்டு அதிலை ஒரு வரி இல்லை. ஒரு வரி இருந்தாலும் எனக்குக் காணும்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்த அழுகையை அவர் கவனிக்கவும் இல்லை. காலையிலிருந்து பின்னேரம் மட்டும் வாங்கில் இருத்தி ஏன் தனியப் போனாய் என்று மூன்று தரம் எழுத வைத்தார்களாம். கொழும்பில் யாரைச் சந்தித்தாய், ஆமியோடு என்ன கதைத்தாய், மிச்ச நாள் எங்கே நின்றாய். சொன்னதை அவர்கள் நம்பவில்லை. முடிவாக, ஒரு வருசத்துக்கு உங்களுக்குப் பாஸ் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

மிச்ச நாள் எங்கே நின்றீர்கள் என்று நானும் கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன், அதுதான் என் குணம்.

ரயிலில் என்றார். சித்தியின் மகள் வீட்டில் நாலாம் நாளே, அக்கா நிற்கிறபடியால் அவவோடு பிள்ளையை நடன வகுப்புக்கு விடலாம், மாமியாரைக் கிளினிக்குக்கு அனுப்பலாம் என்று ஆயத்தம் பண்ணத் தொடங்கிவிட்டார்களாம். உடனே வெளிக்கிட்டு ஸ்ரேசனுக்குப் போய், ரயில் முடிகிற இடம் மட்டும் ஒரு ரிக்கற் தாருங்கோ என்று கேட்டிருக்கிறார். மலைநாட்டுப் பதுளைக்குக் கொடுத்தார்கள். யன்னல் ஓரம் இருந்து பதுளை மட்டும் போனார். இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்தார். கோயில் மடம் ஒன்றில் இரண்டு நாள் இருந்தார். திரும்பி வந்தார். பிறகு வவுனியாவில் மூன்று நாள் வரிசையில் கிடந்தார். அவ்வளவுதான்.

"அதுக்கேன் தனிய?" என்றேன்.

அக்கா தேத்தண்ணியை வடித்துக்கொண்டே சொன்னார். "நாற்பது வருசமா நான் போன இடமெல்லாம் ஆரோ ஒருத்தரின்ரை மூத்திரத்துக்கு இடம் கேட்டுத் திரிஞ்சிருக்கிறன். ஆருக்குப் பசிக்குது, ஆருக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது எண்டு முகம் முகமாப் பாத்திருக்கிறன். இந்த ஒருக்கா பசிச்சது எனக்குத்தான் பசிச்சது."

எனக்கு அது விளங்கவில்லை. அதற்காக இவ்வளவு பொய்யா, இவ்வளவு தூரமா? மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன். பின்வளவில் இருந்த கணக்கப்பிள்ளையைப் பார்க்கத்தானே போனீர்கள் என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, சிரிப்பது போல ஒன்று செய்தார். அவருடைய விலாசம் தன்னிடம் இல்லை என்றார். இருந்திருந்தால் போயிருப்பாரா என்று தனக்கே தெரியாது, தனக்குத் தெரியாத ஒன்றை எனக்கு எப்படிச் சொல்வது என்றார். அந்தப் பதிலை நான் இன்றைக்கும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சில நாள் அது உண்மை போலக் கிடக்கும். சில நாள் அதற்குள் ஓர் ஓட்டை தெரியும்.

நாலு மாதத்தில் என்னுடைய கடதாசி வந்தது. கொழும்பில் நேர்முகத்துக்கு நாள் வைத்திருந்தார்கள். பாஸ் விண்ணப்பத்தில் இரண்டு கிழமை, பல் காட்ட, என்று எழுதினேன். பிணைக்கு ஆள் வேண்டும். கொடிகாமம் சித்தப்பாவிடம் போனேன். முழங்கால் வருத்தம், கந்தோர் வாசற்படி ஏற ஏலாது என்றார். பெரியம்மாவின் மகன், மனிசியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி இன்றுவரை சொல்லவில்லை. கனடா மாப்பிள்ளைக்கு முற்றான பெண் பல் காட்டிவிட்டுத் திரும்பி வருவாள் என்று நம்ப ஒருவரும் ஆயத்தமில்லை. சந்தேகம் என்பது எனக்கு மட்டும் வாய்த்த சொத்து என்று நினைத்திருந்தேன். எல்லோர் வீட்டிலும் இருந்தது. அவர்களுடைய சந்தேகம் சரியானது என்பதுதான் வித்தியாசம்.

அக்காவைக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே சேலை மாற்றிக்கொண்டு வந்து, வெளிக்கிடு என்றார்.

அதே கந்தோர், அதே வாங்கு, அதே முத்து எழுத்து மனுசன். அக்காவை அடையாளம் கண்டுவிட்டார். கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். இவவுக்கு எப்படியும் பாஸ் இல்லை, இங்கேதான் நிற்கப் போகிறா, பிணைக்கு இவவைவிட நல்ல ஆள் கிடையாது என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். பகிடியாகச் சொன்னாரோ தெரியாது. நான் அங்கே முறைப்பாடு சொல்லி அக்காவின் பயணத்தைக் கட்டிப் போட்டேன். அந்தக் கட்டுத்தான் எனக்கு வழி திறந்தது. ஒரு வருசத்தில் அவிழ வேண்டிய கட்டு, இந்தக் கையெழுத்தோடு அவிழாது என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த மனுசனுக்கும் தெரிந்திருக்கும்.

தங்கச்சி திரும்பி வருவாவோ என்று அவர் அக்காவைக் கேட்டார்.

"வருவா."

அக்கா வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

போகிற அன்று கொடிகாமம் மட்டுமாவது வாருங்கோ என்று கெஞ்சினேன். ஊருக்கெல்லாம் துணை போன ஆள். வரமாட்டன், நீ தனியப் போ என்றார். கோபத்தில் சொன்னாரா, எனக்கு ஏதோ தரத்தான் சொன்னாரா என்று விளங்கவில்லை. நான் தனியப் போகவில்லை. மினிபஸ்ஸில் ஏறியதும் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், அக்கா நீங்களும் கிளாலிக்கோ என்று கேட்டு, அவருடைய கையைப் பிடித்தவள் வவுனியா மட்டும் விடவில்லை. பசித்தபோது அவருக்கும் பசிக்கிறதா என்று கேட்டேன். எனக்குத் தனியப் போகத் தெரியாது. இப்போதும் தெரியாது.

நான் திரும்பிப் போகவில்லை. கல்யாணம், பிள்ளை, வேலை, பிறகு அங்கே சண்டை, பிறகு இங்கே முதுகு நோ. தொண்ணூற்றைந்தில் ஊர் முழுவதும் பெட்டி படுக்கையோடு கொடிகாமப் பக்கம் நடந்தபோது, அக்காவும் யாரோ ஒரு வயதுபோன மனுசியைத் தாங்கிக்கொண்டு நடந்தாராம். பிறகு எல்லோரையும் போல நல்லூருக்குத் திரும்பிவிட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு மாமி. கொழும்பிலிருந்து பிறகு கனடாவுக்கு வந்துவிட்ட மகனிடம் வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். நான் போன பிறகு கந்தோரில் இருந்து மாதம் ஒருக்கா அக்காவைக் கூப்பிடுவார்களாம். தங்கச்சி எப்ப வாறா என்று கேட்பார்கள். அக்கா ஒவ்வொரு முறையும், வருவா என்று சொல்லிவிட்டு வருவாராம். அரை நாள் இருத்தி வைத்தாலும் அதே சொல்தான். கடைசி மட்டும், ஊர் இடம்பெயரும் மட்டும், அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னாராம். கொக்காவுக்கு உன்னைக் காட்டிக் கொடுக்க மனம் வரேல்லை, உனக்காகப் பொய் சொல்லிப்போட்டா பிள்ளை என்று மாமி கண்ணைத் துடைத்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. மாமி போனதும் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். சுகம் விசாரித்தேன். பிறகு, நான் வரமாட்டேன் என்று தெரிந்துதானே அவர்களுக்கு வருவா என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஏன் பொய் சொல்ல வேணும்?" என்றார் அக்கா. "நீ வருவாய் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்."